சிற்றூர்தி பேணிய நங்கை

ஒரு பொருளை விலை கொடுத்து வாங்குதல் எளிது. வாங்கிய பொருளைக் குறைவின்றிப் பேணுதல் அரிது. மாடு வாங்கியவன் நாள்தோறும் அதற்குத் தீனியிட்டு, நீர் காட்டித் தொழுவத்தையும் தூய்மை செய்தல் வேண்டும். வண்டி வாங்கியவன் அச்சிற்கு மையிட்டு, அச்சாணியைப் புறப்படுமுன் ஒவ்வொரு நாளும் நோக்குதல் வேண்டும். சிறிய ஆணி ஒன்று கழன்றுவிடின் பெரிய தேரும் நிலைகுலையும் என்பதை நம் முன்னோர் நன்கறிந்திருந்தனர். நிலத்தில் ஓடும் வண்டிக்கே இத்துணைக் கருத்து வேண்டுமெனின், வானில் பறக்கும் ஊர்திக்கு எத்துணைக் கருத்து வேண்டும்! வழியில் வண்டி பழுதுற்றால் அதனை ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கிக்கொள்ளலாம். வானத்தில் ஓரம் ஏது?

வானூர்தி என்றவுடன் நூற்றுக்கணக்கானோரை ஏற்றிச் செல்லும் பேரூர்திகளே நம் நினைவுக்கு வருகின்றன. அவற்றைப் பேணுதற்குப் பொறிவல்லுநர் பலர் உளர். ஓட்டுபவர் வேறு, பழுது பார்ப்பவர் வேறு. ஆயின், ஒருவரோ இருவரோ அமர்ந்து செல்லத்தக்க சிற்றூர்திகளும் உலகில் உள்ளன. மேனாட்டினர் பலர் அவற்றைத் தம் சொந்த உடைமையாக வைத்திருக்கின்றனர். அத்தகைய ஊர்தியை உடையவரைக் கண்டு, 'இவர் எண்ணிய போதெல்லாம் பறவைபோல் பறக்கலாமே. இவர் பெற்ற இன்பமே இன்பம்!' என்று பிறர் வியப்பர். அவ்வின்பத்தின் பின்னே மறைந்து கிடக்கும் உழைப்பை அறிவோர் சிலரே. அவ்வுழைப்பினை இன்பமாகவே கருதிச் செய்து, அதனாலேயே பெரும்புகழ் எய்திய நங்கை ஒருவர் இங்கிலாந்து நாட்டில் வாழ்ந்தார். அவர்தாம் ஏமி ஜான்சன்.

அமெரிக்க நாட்டில் ரைட் உடன்பிறந்தார் தம் வானூர்தியை முதன்முதலாகப் பறக்கவிட்ட ஆண்டு 1903. அதே ஆண்டு ஜூலைத் திங்கள் முதல் நாள், இங்கிலாந்தின் கீழைக் கடற்கரையை அடுத்த ஹல் என்னும் துறைமுக நகரில் ஏமி பிறந்தார். அவர்தம் தந்தையார் மீன் வணிகர். ஏமி ஷெபீல்டுப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் பயின்று பட்டம் பெற்றார். பின்னர் இலண்டன் மாநகர் சென்று, வழக்கறிஞர் ஒருவரின் அலுவலகத்தில் செயலாளராக அமர்ந்தார். காலை முதல் மாலை வரை கடிதங்களைத் தட்டச்சிடுவதே அவர் தொழில். அவருடைய உள்ளமோ வானத்தை நாடி நின்றது.

அக்காலத்தில் வானில் பறத்தல் படைவீரர்க்கும் பெருஞ்செல்வர்க்குமே உரியதாக இருந்தது. அந்நிலையை மாற்றியது ஒரு சிறிய வானூர்தி. ஜெப்ரி டி ஹாவிலாண்டு என்பவர் அமைத்த அவ்வூர்தி 1925ஆம் ஆண்டு முதன்முதலாகப் பறந்தது. அதற்கு அவர் இட்ட பெயர் 'மாத்' என்பது. விட்டிற்பூச்சி என்பது அதன் பொருள். பூச்சியின் சிறகுகள் மடங்குதல்போல, அவ்வூர்தியின் இறக்கைகளையும் பின்புறமாக மடக்கிவிடலாம். மடக்கியபின் சிறிய கொட்டகை ஒன்றில் நிறுத்தலாம். காருக்குப் பின்னே கட்டி இழுத்தும் செல்லலாம். ஒருவர் பின் ஒருவராக இருவர் அமர இடமுண்டு. மேலே கூரையில்லை. காற்றும் மழையும் வெயிலும் ஓட்டுபவர் முகத்தில் நேரே தாக்கும். மணிக்கு ஏறத்தாழ 85 மைல் வேகத்தில் அது பறக்கும். விலை குறைந்த இவ்வூர்தியைக் கொண்டே ஊர்கள்தோறும் பறக்கும் கழகங்கள் தோன்றின. எளிய நிலையில் உள்ளோரும் சிறு கட்டணம் செலுத்திப் பயிலலாயினர்.

இலண்டனுக்கு அருகில் ஸ்டாக் லேன் என்னுமிடத்தில் இருந்த அத்தகைய கழகம் ஒன்றில் ஏமி சேர்ந்தார். அவர் பயிற்சியில் விரைந்து தேறினார் அல்லர். தனியே பறப்பதற்குப் பிறர் எடுத்துக்கொண்ட நேரத்தினும் அவருக்கு மிகுதியான நேரம் பிடித்தது. ஆயினும் அவர் தளரவில்லை. 1929ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் ஓட்டுநர் உரிமம் பெற்றார். பலர் அத்துடன் அமைந்துவிடுவர். ஏமியோ, 'நம்மைத் தாங்கிச் செல்லும் இப்பொறியின் உள்ளே நிகழ்வது யாது?' என்று அறிய விழைந்தார். ஊர்தியை ஓட்டத் தெரிந்து அதன் உள்ளமைப்பைத் தெரியாதிருத்தல், கடிதத்தின் உறையைப் படித்து உள்ளே எழுதியதைப் படியாதிருத்தல் போல்வதாக அவருக்குத் தோன்றியது.

அவ்விழைவு அவரை விமானக் கொட்டகைக்குள் செலுத்தியது. அங்கே பணி செய்தோர் அனைவரும் ஆடவர். கைகளில் எண்ணெயும் உடையில் கரியும் படியும் அவ்விடத்தில் ஒரு பெண் வந்து நிற்பதைக் கண்டு அவர்கள் முதலில் வியந்தனர். ஏமி அங்கே வேடிக்கை பார்க்க வந்தவரல்லர். நீண்ட மேலுடையை அணிந்துகொண்டு, தரையைப் பெருக்குதல், உறுப்புகளைக் கழுவித் துடைத்தல் போன்ற எளிய பணிகளையும் இகழாது செய்தார். அக்கழகத்தின் தலைமைப் பொறியாளரான ஜாக் ஹம்ப்ரீஸ் அவருடைய ஆர்வத்தைக் கண்டு மகிழ்ந்து, எஞ்சினைப் பிரித்தலையும் பூட்டுதலையும் முறையாகக் கற்பித்தார். பணியாளர்கள் அவரைத் தம்முள் ஒருவராகவே எண்ணி, 'ஜானி' என்று அன்புடன் அழைக்கலாயினர். 1929ஆம் ஆண்டு இறுதியில் ஏமி தரைப்பொறியாளர் உரிமத்தைப் பெற்றார். பிரித்தானிய நாட்டில் அவ்வுரிமத்தைப் பெற்ற முதற்பெண் அவரே. எஞ்சினைச் சோதித்து, 'இது பறத்தற்குத் தகுதியுடையது' எனக் கையொப்பமிடும் பொறுப்பினை அவ்வுரிமம் அவருக்கு அளித்தது.

அடுத்து, அவர் உள்ளத்தில் ஓர் எண்ணம் எழுந்தது. இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியா வரை தனியே பறத்தல் வேண்டும் என்பதே அது. 1928ஆம் ஆண்டு பெர்ட் ஹிங்க்லர் என்பவர் அவ்வழியைப் பதினைந்தரை நாட்களில் கடந்திருந்தார். அவரினும் விரைந்து செல்ல ஏமி விரும்பினார். அதற்குச் சொந்தமாக ஓர் ஊர்தி வேண்டுமன்றோ? பிறரிடம் உதவி வேண்டிப் பல கடிதங்கள் எழுதினார். இறுதியில் அவர்தம் தந்தையாரும், எண்ணெய் வணிகத்தில் பெருஞ்செல்வம் ஈட்டிய வேக்பீல்டு பிரபுவும் பொருளுதவி செய்தனர். 600 பவுனுக்கு மாத் வகை ஊர்தி ஒன்று வாங்கப்பட்டது. அது புதியதன்று, முன்னரே ஒருவரிடம் இருந்து பழகியது. ஏமி அதற்குப் பச்சை வண்ணம் தீட்டினார். தந்தையார் வணிகத்தின் குறிப்பெயராகிய 'ஜேசன்' என்பதனையே அதற்கும் பெயராகச் சூட்டினார்.

ஜேசனைப் பேணுதல் எத்தகைய பணி என்பதை அறிதல் நலம். அதன் உடல் மரத்தால் ஆயது. இறக்கைகளோ மரச்சட்டத்தின்மேல் துணியை இழுத்துப் போர்த்தி அமைக்கப்பெற்றவை. அத்துணி காற்றுக்கு அசையாது விறைப்பாக நிற்பதற்காக 'டோப்' என்னும் பூச்சினைப் பலமுறை பூசுவர். வெயிலும் ஈரமும் அப்பூச்சையும் துணியையும் நாளடைவில் கெடுக்கும். ஈரம் மரத்தின் இணைப்புகளையும் நெகிழ்விக்கும். மேல் இறக்கையையும் கீழ் இறக்கையையும் பிணைத்து நிற்கும் கம்பிகள், வீணையின் நரம்புகள்போல் அளவாக முறுக்கப்பட்டிருத்தல் வேண்டும். ஒன்று தளர்ந்தாலும் இறக்கையின் நிலை பிறழும். ஆதலின், உடைமையாளர் தம் ஊர்தியை முனை முதல் வால் வரை கையால் தடவிப் பார்த்தல் வேண்டும். கண்ணுக்குத் தோன்றாத கிழிசல் விரல் நுனிக்குத் தோன்றும்.

எஞ்சினுக்கு இதனினும் மிகுந்த கருத்து வேண்டும். ஜேசனின் எஞ்சின் நான்கு சிலிண்டர்களை உடையது, காற்றால் குளிர்வது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டிரண்டாக எட்டு ஸ்பார்க் பிளக்குகள் இருந்தன. ஒன்று தவறினும் மற்றொன்று பெட்ரோல் ஆவியைக் கொளுத்தும் என்பதே இரண்டு வைத்ததன் நோக்கம். அவற்றில் கரி படிந்தால் கழற்றித் தேய்த்தல் வேண்டும். வால்வுகளின் இடைவெளியை அளந்து சரிசெய்தல் வேண்டும். எண்ணெய் கருத்துவிட்டால் வடித்துப் புதிய எண்ணெய் ஊற்றுதல் வேண்டும். பெட்ரோலை அப்படியே தொட்டியில் ஊற்றுதல் கூடாது. மென்மையான தோலின் வழியே வடிகட்டியே ஊற்றுதல் வேண்டும். ஒரு சிறு மணலோ ஒரு துளி நீரோ உட்புகுந்தால், நடுவானில் எஞ்சின் நின்றுவிடக்கூடும். இவ்வளவும் செய்து முடித்தபின், எஞ்சினை ஓடச் செய்தற்கு முன்புறமுள்ள சுழல்விசிறியைக் கையாலேயே சுழற்றுதல் வேண்டும். கருத்துச் சிறிது தவறினும் அது கையையே துணித்துவிடும்.

1930ஆம் ஆண்டு மே 5ஆம் நாள், குராய்டன் நிலையத்திலிருந்து ஏமி தனியே புறப்பட்டார். அப்போது அவருக்கு அகவை இருபத்தாறு. அதற்கு முன் அவர் பறந்த நெடும்பயணம், இலண்டனிலிருந்து தம் ஊராகிய ஹல்லுக்குச் சென்றதே. முன்னிருக்கை இருந்த இடத்தில் பெட்ரோல் தொட்டி வைக்கப்பட்டிருந்தது. அதிலிருந்து மேல்தொட்டிக்கு அவரே கையால் இறைத்து ஏற்றினார். பெட்ரோல் நெடியால் அவருக்குத் தலை சுழன்றது. கருவிகளும், மாற்று உறுப்புகளும், உடலின் புறத்தே கட்டப்பட்ட மாற்றுச் சுழல்விசிறி ஒன்றும் ஜேசனுடன் சென்றன.

வியன்னா, கான்ஸ்டாண்டிநோபிள், அலெப்போ என நாளொன்றுக்கு ஒரு நகராகப் பயணம் தொடர்ந்தது. ஒவ்வொரு நாளும் பகல் முழுதும் பறந்து களைத்து இறங்குவார். இறங்கியவுடன் உறங்கச் செல்ல மாட்டார். விளக்கொளியில் எஞ்சினைத் திறந்து, முறைப்படி செய்யவேண்டியவற்றைச் செய்வார். எஞ்சிய சில மணி நேரமே அவருக்கு உறக்கம். தாம் உண்ணுமுன் குதிரைக்குப் புல்லும் நீரும் அளித்த பண்டை வீரரை அவருக்கு உவமை கூறலாம்.

அலெப்போவிலிருந்து பாக்தாது நோக்கிச் சென்றபோது பாலைவனத்தில் மணற்சூறை எழுந்தது. திசை தெரியவில்லை, தரையும் தெரியவில்லை. ஊர்தி காற்றிலகப்பட்ட இலைபோல் கீழே தள்ளப்பட்டது. எவ்வாறோ தரை தட்டி நின்றது. நின்ற ஊர்தியையும் காற்றுப் புரட்ட முயன்றது. ஏமி கீழே குதித்தார். தம் பெட்டிகளையெல்லாம் சக்கரங்களுக்கு முட்டாக வைத்தார். மணல் புகாதவாறு எஞ்சினின்மேல் உறையை இழுத்துக் கட்டினார். பின்னர் வாலின்மேல் அமர்ந்து, கைத்துப்பாக்கியுடன் சூறை தணியும்வரை காத்திருந்தார். தம் கண்ணிலும் வாயிலும் புகுந்த மணலைக் காட்டிலும், எஞ்சினில் புகும் மணலையே அவர் அஞ்சினார். சூறை தணிந்தபின் அவ்வெஞ்சின் குறையின்றி ஓடியது. அஃது அவர்தம் கருத்துக்குக் கிடைத்த பரிசே ஆகும்.

ஆறாம் நாள் கராச்சி சேர்ந்தார். ஹிங்க்லர் எடுத்துக்கொண்ட காலத்தினும் இரண்டு நாட்கள் முந்தியிருந்தார்! உலகம் வியந்தது, செய்தித்தாள்கள் அவர் பெயரைப் பெரிய எழுத்துகளில் வெளியிட்டன. அடுத்த நாள் பெட்ரோல் தீர்ந்தமையால் ஜான்சியில் படைவீரர் அணிவகுக்கும் திடலில் இறங்க நேர்ந்தது. அங்கே ஏற்பட்ட பழுதினைச் சீர்செய்துகொண்டு கல்கத்தா சென்றார். அங்கிருந்து பர்மா நாட்டை நோக்கிப் பறந்தார்.

மழை திரையிட்டாற்போல் பொழிந்துகொண்டிருந்தது. இரங்கூனில் இறங்கவேண்டிய இடம் புலப்படவில்லை. இன்சீன் என்னுமிடத்தில் தொழிற்கல்லூரி ஒன்றின் விளையாட்டுத் திடலைக் கண்டு அதில் இறக்கினார். ஓடிய ஊர்தி திடலின் எல்லையில் இருந்த பள்ளத்தில் பாய்ந்தது. சுழல்விசிறி முறிந்தது, இறக்கை கிழிந்தது, சக்கரத்தைத் தாங்கும் சட்டமும் உடைந்தது. ஏமியின் கண்களில் நீர் பெருகியது. இரண்டு நாட்கள் முந்தியிருந்த பெருமை அப்பள்ளத்திலேயே அமிழ்ந்துவிட்டது.

ஊர்தியை ஏதோ ஒருவாறு கட்டிக்கொண்டு விரைந்து புறப்பட்டிருந்தால், ஹிங்க்லரை வெல்லும் வாய்ப்புச் சிறிதேனும் இருந்திருக்கும். ஆயின், தரைப்பொறியாளராகிய ஏமி, விரைவை விரும்பிய ஏமிக்கு இணங்கவில்லை. ஊர்தி முழுதும் சீராகும்வரை புறப்படுவதில்லை எனத் துணிந்தார். தொழிற்கல்லூரியினர் அவருக்குத் துணை நின்றனர். உடைந்த மரச்சட்டங்கள் புதிதாகச் செய்யப்பட்டன. இறக்கையைப் போர்த்துதற்குரிய துணி அங்கே கிடைக்கவில்லை. முதல் உலகப்போரில் எஞ்சிய வானூர்தித் துணியால் தைக்கப்பட்ட சட்டைகள் சில அவ்வூரில் இருந்தன. அச்சட்டைகளே பிரிக்கப்பட்டு மீண்டும் இறக்கையில் ஏறின! உடன் கொண்டுவந்த மாற்றுச் சுழல்விசிறியும் பூட்டப்பட்டது. மூன்று நாட்கள் கழிந்தன. முந்துதல் இனி இயலாது என்பதை நன்கறிந்தே ஏமி மீண்டும் வானில் எழுந்தார்.

ஜாவாத் தீவில் மற்றுமோர் இடையூறு நேர்ந்தது. கரும்பாலை ஒன்றின் அருகே இறங்கியபோது, வீடு கட்டுதற்கு நட்டிருந்த மூங்கில் முளைகள் இறக்கையில் துளைகள் இட்டன. புண்ணுக்கு ஒட்டும் மருந்துப் பட்டைகளைக் கொண்டு அத்துளைகளை ஒட்டினார். சிறு துளையாயினும் காற்றின் விசையால் பெருங்கிழிசலாகும் என்பதை அவர் அறிவார். இறுதியில் எதிர்நின்றது திமோர்க் கடல். ஏறத்தாழ 500 மைல் தொலைவுக்கு நீரன்றி வேறில்லை. அங்கே எஞ்சின் நின்றால் இறங்குதற்குத் திடலில்லை, உதவுதற்கு மாந்தரில்லை. எஞ்சின் நிற்கவில்லை. இரவுதோறும் உறக்கம் துறந்து அவர் செய்த பணி, அந்நீர்ப்பரப்பின்மேல் அவரைத் தாங்கி நின்றது. மே 24ஆம் நாள் ஏமி ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரில் இறங்கினார். இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குத் தனியே பறந்த முதற்பெண் என்னும் புகழ் அவரை அடைந்தது. ஹிங்க்லரின் காலத்தை அவர் வெல்லவில்லை. ஆயினும் அவரைப் போற்ற உலகம் தயங்கவில்லை.

ஐந்து நாட்கள் கழித்து ஒரு நிகழ்ச்சி நடந்தது. பிரிஸ்பேன் நகரில் இறங்கும்போது, ஜேசன் திடலைக் கடந்தோடிக் குப்புற வீழ்ந்தது. ஏமி உயிர் தப்பினார். ஊர்தி பெரிதும் சிதைந்தது. நெடும்பயணத்தாலும், ஊர்தோறும் நடந்த வரவேற்புகளாலும் அவர் அப்போது மிகக் களைத்திருந்தார். பொறியைப் பேணுவோர் தம்மையும் பேணிக்கொள்ளல் வேண்டும் என்னும் பாடத்தை அவ்வீழ்ச்சி புகட்டுகிறது.

இரண்டாம் உலகப்போரின்போது, படைக்குரிய வானூர்திகளை ஓரிடத்திலிருந்து மற்றோரிடம் சேர்ப்பிக்கும் தொண்டினை ஏமி மேற்கொண்டார். 1941ஆம் ஆண்டு சனவரி 5ஆம் நாள், கடுங்குளிரில் அத்தகைய ஊர்தி ஒன்றைச் செலுத்திச் சென்றவர் தேம்சு ஆற்றின் கழிமுகத்தில் வீழ்ந்து மறைந்தார். அவர் உடலும் கிடைக்கவில்லை. ஜேசன் மட்டும் இலண்டன் அறிவியல் காட்சிச்சாலையில் இன்றும் விளங்குகிறது.

ஏமி தாமே விரும்பி மேற்கொண்ட ஒழுங்கினை இன்று நாடுகள் பலவும் சட்டமாக்கியுள்ளன. அமெரிக்க நாட்டில் சிற்றூர்தியை 12 மாதங்களுக்கு ஒருமுறை தகுதிபெற்ற வல்லுநர் முழுதும் சோதித்துக் கையொப்பமிடுதல் வேண்டும். எண்ணெய் மாற்றுதல், பிளக்குகளைத் தூய்மை செய்தல், டயர் மாற்றுதல் போன்ற சிறு பணிகளை, ஓட்டுநர் உரிமம் பெற்ற உடைமையாளரே செய்துகொள்ளலாம். ஆயின், செய்ததைக் குறிப்பேட்டில் எழுதித் தம் கையொப்பம் இடுதல் வேண்டும். நம் நாட்டிலும் உரிய தகுதிச்சான்று இன்றி எந்த ஊர்தியும் வானில் எழுதல் இயலாது. உடைமையாளர் பலர் பறப்பதற்கு முன், தொட்டியின் அடியிலிருந்து சிறிது பெட்ரோலைக் கண்ணாடிக் குவளையில் வடித்து, வெளிச்சத்தில் நோக்குகின்றனர். நீர் கலந்திருந்தால் அது பெட்ரோலுக்கு அடியில் தனியே தங்கிக் காட்டிக்கொடுக்கும். கொட்டகை வாடகையும், காப்புறுதிக் கட்டணமும், எரிபொருட் செலவும், ஆண்டுச் சோதனைச் செலவும் ஓயாமல் வந்துகொண்டிருக்கும். ஊர்திக்குக் கொடுத்த விலை முதற்செலவே அன்றி முடிந்த செலவன்று.

எனினும், அக்குவளையைக் கையிலேந்தி நிற்கும் ஒரு கணத்திலேதான் ஒருவர் தம் ஊர்திக்கு உண்மையில் உடையவர் ஆகின்றார். காண்போர் எவருமில்லை, புகழ்வோரும் இல்லை. இன்றைக்குப் பாராமல் விட்டாலும் ஒன்றும் நேராமலே போகலாம். அவ்வாறிருந்தும் பார்ப்பவரே நெடுந்தொலைவு செல்கின்றார். இன்சீனில் வெற்றியை இழந்தும் இறக்கையைச் செம்மையாகத் தைத்துக்கொண்ட ஏமி ஜான்சனைத் திமோர்க் கடல் கடத்திச் சென்றது, அந்தக் கருத்தே ஆகும்.